விசுவாசம், சீஷத்துவம், அழைப்பு: லூத்தரன் சபை இவற்றை எப்படிப் புரிந்துகொள்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லூத்தரன் சபை ஒன்றில் உறுப்பினராவதற்கான வகுப்புக்குச் சென்றுவருகிறீர்கள். முதலில் "விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு" என்றார்கள்; சில வாரங்கள் கழித்துச் சீஷத்துவம், சிலுவை சுமத்தல் என்றார்கள்; பிறகு, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற உங்கள் வேலையும் கடவுளின் அழைப்பே என்றார்கள். "மட்டுமே" என்று சொல்லிவிட்ட பிறகு மற்ற இரண்டுக்கும் இடம் ஏது என்பது உங்கள் முதல் ஐயம். ஊழியத்துக்குப் போகாத ஒருவரையும் "அழைக்கப்பட்டவர்" என்பது வெறும் ஆறுதல் பேச்சுதானே என்பது இரண்டாவது.

ஆறுதல் பேச்சு அல்ல. மூன்றும் ஒரே போதனைதான். ஆனால் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கவனிக்காவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும். கடவுளிடமிருந்து மனிதருக்கும், அந்த மனிதரிடமிருந்து அவருடைய அயலாருக்கும் என்பதே அந்தத் திசை. மனிதர் கடவுளை நோக்கி ஏறிப்போவதற்கான படிக்கட்டு இந்தப் போதனையில் எங்கும் இல்லை. சீஷத்துவத்தை விசுவாசத்துக்கு மேலே உள்ள இரண்டாம் படி என்றும், ஊழிய அழைப்பை அதற்கும் மேலே உள்ள மூன்றாம் படி என்றும் நினைத்துக்கொள்ளும்போதுதான் உங்களுக்கு வந்த குழப்பம் எவருக்கும் வருகிறது.

விசுவாசம் என்ற சொல்லிலேயே நமக்கு முதல் இடறல் இருக்கிறது. அன்றாடத் தமிழில் விசுவாசம் என்றால் நன்றி மறவாமை, எஜமானுக்கு உண்மையாய் இருத்தல். வளர்ப்பு நாயைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு "விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்படுகிறோம்" என்று வாசித்தால், நான் கடவுளுக்கு எவ்வளவு உண்மையாய் இருக்கிறேனோ அந்த அளவுக்கு அவர் என்னை ஏற்றுக்கொள்கிறார் என்று ஆகிவிடும். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கடைசிவரை எதிர்த்தது இந்த எண்ணத்தைத்தான். அவர் சொன்ன விசுவாசம், ஒருவர் கொடுத்த வாக்கின்மேல் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்ந்துகொள்வது. பிற்கால லூத்தரன் இறையியலாளர்கள் இதை அறிவு, இசைவு, நம்பிச் சார்தல் என மூன்றாகப் பகுத்துக் காட்டினார்கள். கிறிஸ்து மரித்து உயிர்த்தார் என்று அறிந்திருப்பது முதலாவது. அது மெய்தான் என்று ஒப்புக்கொள்வது இரண்டாவது. பிசாசும் இவ்விரண்டையும் செய்யும். "எனக்காக" என்று சொல்லி அதன்மேல் சாய்வது மட்டும் அதனால் இயலாது, மூன்றாவதே விசுவாசம்.

அப்படியானால் இந்த விசுவாசத்தையாவது நானாக உண்டாக்கிக்கொள்ள வேண்டாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். இதற்கான விடை 1529ஆம் ஆண்டில் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இருக்கிறது. வீட்டுத் தலைவர்கள் தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதப்பட்ட சிறு நூல் அது. அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதி "பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன்" என்று தொடங்குகிறது. அதற்கு லூத்தர் தரும் விளக்கமோ, என் சொந்தப் புத்தியினாலோ பலத்தினாலோ இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவும் அவரிடம் சேரவும் என்னால் இயலாது என்று நான் விசுவாசிக்கிறேன் என்பது. விசுவாச அறிக்கையின் நடுவிலேயே "என்னால் விசுவாசிக்க முடியாது" என்று ஒரு பிள்ளையைச் சொல்ல வைக்கிற துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. பரிசுத்த ஆவியானவர் சுவிசேஷத்தினாலே என்னை அழைத்தார், தம் வரங்களால் ஒளியூட்டினார், பரிசுத்தமாக்கி மெய்யான விசுவாசத்தில் காத்துவருகிறார் என்று அந்த விளக்கம் தொடர்கிறது. இதில் "அழைத்தார்" என்ற சொல்லைக் கவனியுங்கள். லூத்தரன் போதனையில் அழைப்பு முதன்முதலாக வருகிற இடம் இதுதான். வேலையைப் பற்றியோ ஊழியத்தைப் பற்றியோ பேச்சு எழுவதற்கு முன்பே, சுவிசேஷத்தைக் கேட்ட ஒவ்வொருவரும் அழைக்கப்பட்டவராகிவிடுகிறார்.

இந்த அழைப்பு எப்படி வந்து சேருகிறது? "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" என்கிறது ரோமர் 10:17. கேள்வி என்பதை இன்றைய வாசகர் வினா என்று படித்துவிடுகிறார். இங்கே அது திருக்குறளில் "கேள்வி" என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே, அந்தப் பொருளில், காதால் கேட்பது. காதுக்கு வருவது வெளியிலிருந்து வருவது. ஆகவேதான் லூத்தரன் சபையார் ஒருவருக்கு இரட்சிப்பின் உறுதி தேவைப்படும்போது உள்ளே பார்க்கச் சொல்வதில்லை. என் விசுவாசம் போதிய சூடாக இருக்கிறதா, நான் உண்மையிலேயே மனந்திரும்பினேனா என்று தம் நெஞ்சைத் தாமே தடவிப் பார்க்கிறவருக்கு அங்கே ஒருநாளும் உறுதி கிடைக்காது. அவரைப் பிரசங்கத்தில் கேட்ட வாக்குக்கும், தலையில் ஊற்றப்பட்ட ஞானஸ்நானத் தண்ணீருக்கும், "உங்களுக்காகக் கொடுக்கப்படுகிறது" என்று சொல்லிக் கையில் தரப்படும் அப்பத்துக்கும் திருப்பிவிடுவார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். பெறுவதற்குத் தகுதி தேவைப்படாத ஒன்றைப் பெறுவதில், எதுவும் செய்ய இயலாத குழந்தையை விடப் பொருத்தமானவர் யார்?

இனி "மட்டுமே" என்பதற்கு வருவோம். 1530ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 28 பிரிவுகள் உண்டு. பிலிப் மெலாங்க்தன் எழுதியது. உலகெங்கும் லூத்தரன் சபைகள் தம் போதனைக்கு அடிப்படையாகக் கொள்வது. அதன் நான்காம் பிரிவு, மனிதர் தம் பலத்தாலோ புண்ணியத்தாலோ கிரியைகளாலோ அல்ல, கிறிஸ்துவின் நிமித்தம் விசுவாசத்தினாலே இலவசமாய் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்கிறது. ஐந்தாம் பிரிவு, அந்த விசுவாசத்தை நாம் பெறும்படி வசனத்தின், திருவருட்சாதனங்களின் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றின்) ஊழியம் ஏற்படுத்தப்பட்டது என்கிறது. ஆறாம் பிரிவு, அந்த விசுவாசம் நற்கனிகளைத் தரவேண்டியது என்கிறது. உங்கள் வகுப்பில் வாரந்தோறும் மாறி மாறி வந்ததாகத் தோன்றியவை இந்த வரிசைப்படியே வந்திருக்கின்றன. "மட்டுமே" என்ற சொல் விசுவாசத்தைக் கிரியைகளிடமிருந்து எல்லா இடத்திலும் பிரிக்கிற சுவர் அல்ல. கடவுள் முன்னிலையில் நான் எதைக் கொண்டு நிற்கிறேன் என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அது விடை.

இதை லூத்தரன் சபையாரே ஒரே மூச்சில் சரியாகச் சொல்லிவிடவில்லை. லூத்தர் 1546இல் இறந்தபின், அவருடைய மாணவர்களுள் ஒருவரான கியோர்க் மேயர், இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்றார். அதற்கு மறுப்பாக, லூத்தரின் நெருங்கிய நண்பர் நிக்கோலாஸ் ஃபொன் ஆம்ஸ்டார்ஃப், நற்கிரியைகள் இரட்சிப்புக்குக் கேடு என்றே எழுதிவிட்டார். இத்தகைய சர்ச்சைகளைத் தீர்க்க லூத்தரன் சபையார் 1577இல் உருவாக்கிய இணக்க வாய்பாடு என்ற அறிக்கை இரண்டையுமே தள்ளியது. நற்கிரியைகள் அவசியம்தான், ஆனால் "இரட்சிப்புக்கு" என்ற சொல்லை அதோடு ஒட்டக்கூடாது என்பது அதன் தீர்ப்பு. அவற்றைக் கொண்டு கடவுளிடம் எதையும் வாங்க வேண்டியதில்லை என்றால், பின்னே யாருக்கு அவை அவசியம்? ஸ்வீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாஃப் விங்ரேன், லூத்தரின் அழைப்புப் போதனையை ஆராய்ந்து 1942இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார்: நம் நற்கிரியைகள் கடவுளுக்குத் தேவையில்லை, நம் அயலாருக்குத் தேவை. நான் மேலே சொன்ன திசை இதுதான். கிறிஸ்தவர் எல்லாவற்றுக்கும் மேலான சுயாதீனர், எவருக்கும் கட்டுப்படாதவர். அதே கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஊழியர், எல்லாருக்கும் கட்டுப்பட்டவர் என்று லூத்தர் 1520இல் எழுதிய இரட்டை வாக்கியமும் இதையே சொல்கிறது. கடவுளிடம் கணக்குத் தீர்ந்துவிட்டதால் கை ஓய்ந்திருக்கிறது. ஓய்ந்த கை பக்கத்திலிருப்பவருக்குப் பயன்படுகிறது.

சீஷத்துவத்திலும் சொல் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது. சீஷன் என்பது சிஷ்யன் என்பதன் இன்னொரு வடிவம். நாம் அறிந்த குரு சிஷ்ய முறையில் சிஷ்யன்தான் குருவைத் தேடிப் போகிறான். தன் தகுதியைக் காட்டி அவர் காலடியில் இடம் பெறுகிறான். சுவிசேஷங்களிலோ நடப்பது தலைகீழ். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி எந்தக் குருவையும் தேடவில்லை. வழியே போன இயேசு "என்னைப் பின்பற்றி வா" என்றார். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்று யோவான் 15இல் அவரே பிறகு சொல்கிறார். எனவே லூத்தரன் போதனையில் சீஷத்துவம் ஆர்வமுள்ள சிலருக்கான மேல்நிலை வகுப்பு அல்ல. சாதாரண விசுவாசி, தீவிர சீஷர் என்ற இரண்டு தரங்களும் அங்கே கிடையாது. பொதுமக்களுக்குக் கட்டளைகள், துறவிகளுக்கு மட்டும் மேலான ஆலோசனைகள் என்று இடைக்காலத் திருச்சபை வைத்திருந்த பிரிவினையைத்தான் சீர்திருத்தம் உடைத்தது.

அப்படியானால் சீஷர் நாள்தோறும் செய்வது என்ன? மனந்திரும்புதல். 1517 அக்டோபர் 31ஆம் தேதியோடு சேர்த்து நினைக்கப்படும், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்க வேண்டுமென்று கிறிஸ்து விரும்பினார் என்பதுதான். சிறிய ஞானோபதேசம் இதை ஞானஸ்நானத்தோடு கட்டுகிறது: நமக்குள் இருக்கும் பழைய ஆதாமை நாள்தோறும் மனஸ்தாபத்தினாலே தண்ணீரில் அமிழ்த்திச் சாகடிக்க வேண்டும், நாள்தோறும் புதிய மனிதன் எழும்ப வேண்டும். ஞானஸ்நானம் என்றைக்கோ நடந்து முடிந்த சடங்கு அல்ல, ஒவ்வொரு காலையும் திரும்பிப் போய் நிற்க வேண்டிய இடம் என்று இதற்குப் பொருள். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறார் என்ற புகழ்பெற்ற லூத்தரன் கூற்றும் இங்கேதான் பொருந்துகிறது. பாதி நீதிமான், பாதி பாவி என்று அதற்கு அர்த்தமில்லை. கிறிஸ்துவில் முழுக்க நீதிமான், தன்னில் முழுக்கப் பாவி. இந்த இரண்டும் ஒரே ஆளில் சாகிறவரை.

லூக்கா 9:23இல் "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று இருப்பதையும் இதனோடு சேர்த்தே படிக்கிறார்கள். லூத்தர் இதில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: சிலுவையை நாமாகத் தேடி உருவாக்கிக்கொள்ளக்கூடாது. தானே தெரிந்தெடுத்த உபவாசமும் உடல் ஒறுத்தலும் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அவற்றைத் தெரிந்தெடுத்தவருடைய சுயம் அதில் கொஞ்சமும் சாவதில்லை; இன்னும் கொழுக்கிறது. நமக்குரிய சிலுவை, நோயுற்ற பெற்றோராகவோ ஒத்துவராத மேலதிகாரியாகவோ நம் வீட்டிலும் வேலையிலும் தானாகவே வந்து நிற்கும். சீஷத்துவம் அழைப்போடு இணைகிற இடமும் அதுதான்.

சிறிய ஞானோபதேசத்தின் இறுதியில் காலை ஜெபம், மாலை ஜெபம் என இரண்டு சிறு பகுதிகள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, விசுவாசப்பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்லிவிட்டு, விரும்பினால் ஒரு சிறு ஜெபம்; பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு உன் வேலைக்குப் போ. இரவில் அதே ஒழுங்கு. பிறகு உடனே நிம்மதியாகத் தூங்கு. இவ்வளவுதான். "தூங்கு" என்று ஓர் ஆன்மிக வழிகாட்டி கட்டளையிடுவதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் பாவமன்னிப்பு மெய்யாகவே கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்தானே அப்படித் தூங்க முடியும்.

இந்தப் போதனை எளிதில் கெட்டுப்போகும் என்பதையும் மறைக்கக்கூடாது. எல்லாம் கிருபைதான் என்ற வாக்கியத்தைத் தலையணையாக வைத்துக்கொண்டு படுத்துக்கொள்ளும் நோய் லூத்தரன் சபைகளுக்கே உரியது. அதை வெளியாரை விடக் கடுமையாகக் கண்டித்தவர், தாமும் லூத்தரன் போதகரான டீட்ரிக் போன்ஹோஃபர். 1937இல் வெளியான சீஷத்துவம் பற்றிய தம் நூலில், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பையும் சிலுவை இல்லாத கிருபையையும் மலிவான கிருபை என்று அழைத்து, அதுவே நம் சபையின் கொடிய பகைவன் என்றார். லூத்தர் மடத்தை விட்டு உலகத்துக்குத் திரும்பியது உலகம் நல்லது என்பதால் அல்ல, கிறிஸ்துவைப் பின்பற்றுவது இனி உலகத்தின் நடுவிலேயே நடக்க வேண்டும் என்பதால்தான் என்பது அவர் வாதம். விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்ற இரண்டு வாக்கியங்களையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோஸன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. இடைக்கால ஐரோப்பாவில் "அழைப்பு பெற்றவர்" என்றால் குருவும் துறவியும் கன்னியரும் மட்டுமே. உழவருக்கும் தையற்காரருக்கும் வேலை இருந்தது, அழைப்பு இல்லை. நம் சபைப் பேச்சுவழக்கிலும் பெரும்பாலும் இதே நிலைதான். "அவருக்கு அழைப்பு உண்டு" என்றால் முழுநேர ஊழியத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் "வேலை பார்க்கிறார்கள்". 1505இல் ஸ்டோட்டர்ன்ஹைம் அருகே இடிமின்னலுக்கு அஞ்சித் துறவியாவதாகப் பொருத்தனை செய்த லூத்தரும் அந்த எண்ணத்தில்தான் மடத்துக்குள் போனார். பிறகு அவர் கண்டுகொண்டது, அழைப்பை மடத்துச் சுவருக்குள் அடைத்ததற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்பது. "அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்" என்று பவுல் 1 கொரிந்தியர் 7:20இல் எழுதியது திருமணமானவர், ஆகாதவர், அடிமை, சுயாதீனர் என்ற சாதாரண மனிதருக்கு. அழைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த பெரூஃப் என்ற ஜெர்மன் சொல் இன்று அந்த மொழியில் தொழிலைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக இருப்பதற்கு லூத்தரின் எழுத்துகளே முக்கியக் காரணம்.

அவர் தந்த எடுத்துக்காட்டுகள் பிரசங்க மேடைக்கு ஏற்றவையாக இல்லை என்பதே அவற்றின் அழகு. 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதுகையில், மனித புத்தி எப்படி முணுமுணுக்கிறது என்று சொல்கிறார்: நானா இந்தக் குழந்தையைத் தாலாட்ட வேண்டும், அதன் பீத்துணியைத் துவைக்க வேண்டும், நாற்றத்தை முகர வேண்டும், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், அதன் சிரங்குக்கு மருந்து போட வேண்டும்? விசுவாசம் கண் திறந்து இதே வேலைகளைப் பார்க்கும்போது, அவை பொன்னாலும் மணிகளாலும் அலங்கரிக்கப்பட்டவைபோலக் கடவுளின் பிரியத்தை அணிந்திருப்பதைக் காண்கிறது. ஓர் ஆண் குழந்தையின் துணியைத் துவைப்பதைப் பார்த்து மற்றவர்கள் பெண்பிள்ளை என்று கேலி செய்தால், கடவுள் எல்லாத் தூதர்களோடும் புன்னகைக்கிறார். துணி துவைப்பதற்காக அல்ல, அதை விசுவாசத்தில் செய்வதற்காக. இதை எழுதியபோது லூத்தருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை; 1525இல்தான் கத்தரீனா ஃபொன் போராவை மணந்தார். கொள்கையாகச் சொன்னதைப் பிறகு அவரே இரவில் எழுந்து சோதித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இதன் பின்னாலுள்ள இறையியல் இதுதான். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஜெபிக்கிறோம். கடவுள் அதை வானத்திலிருந்து போடுவதில்லை. உழுகிறவர், மாவு அரைக்கிறவர், சுடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் வழியாகத் தருகிறார். இவர்களெல்லாரும் கடவுளின் முகமூடிகள் என்றார் லூத்தர். முகமூடிக்குப் பின்னாலிருந்து கொடுக்கிறவர் அவரே. அன்றன்றுள்ள அப்பம் என்பதில் உணவு, உடை, காலணி, வீடு, நிலம் தொடங்கி நல்ல அரசு, நல்ல பருவநிலை, நல்ல நண்பர், உண்மையுள்ள அயலார் வரை அனைத்தும் அடங்கும் என்று ஞானோபதேசம் பட்டியலிடுகிறது. உங்கள் கணக்குப் பதிவுக்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. மாதக் கடைசியில் ஒரு தொழிலாளியின் கூடுதல் நேரக் கணக்கில் இரண்டு மணி நேரம் விடுபட்டிருப்பதை நீங்கள் கவனித்துச் சரிசெய்கிறீர்கள். அவர் வீட்டில் அந்த மாதம் அரிசி குறையாமல் வருகிறது. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. அவருடைய ஜெபத்துக்குக் கடவுள் கொடுத்த பதிலில் உங்கள் விரல் இருந்தது.

"செய்யும் தொழிலே தெய்வம்" என்று நாம் சொல்வதும் இதுவும் ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் லூத்தரன் போதனை அதை ஒப்புக்கொள்ளாது. தொழில் தெய்வமல்ல, அதற்குத் தன்னளவில் புனிதம் எதுவுமில்லை. அதைக் கொண்டு யாருக்கு நன்மை வருகிறதோ அவருக்காகவே அது மதிப்புள்ளதாகிறது. இந்த வேறுபாடு நடைமுறையில் பெரியது. தொழிலே தெய்வமானால் வேலை இழந்தவரும், ஓய்வு பெற்றவரும், படுக்கையில் கிடப்பவரும் தெய்வத்தை இழந்தவர்களாவார்கள். அழைப்பு என்பதோ சம்பளம் வரும் வேலை மட்டுமல்ல. வீடு, சபை, நாடு என்ற மூன்று வட்டங்களிலும் ஒருவருக்கு ஒரே சமயத்தில் பல அழைப்புகள் உண்டு: மகள், தாய், குடிமகள், பக்கத்து வீட்டுக்காரர். பிறர் கையால் உணவு ஊட்டப்படும் நோயாளிக்கும் அழைப்பு உண்டு. அன்பைப் பெற்றுக்கொள்வதும், தன்னைக் கவனிப்பவருக்காக ஜெபிப்பதும் அவருடையவை.

எல்லா வேலையும் அழைப்பாகிவிடுமா என்றால் இல்லை. யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டபோது, அவர் வேலையை விடச் சொல்லவில்லை. நியமிக்கப்பட்டதற்கு மேல் வசூலிக்காதீர்கள், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்றிருங்கள் என்றார் (லூக்கா 3). இதுதான் அளவுகோல். 1524இல் வணிகத்தைப் பற்றி எழுதிய லூத்தர், "என் சரக்கை எவ்வளவு விலைக்கு விற்க முடியுமோ அவ்வளவுக்கு விற்பேன்" என்ற வணிகர்களின் பொது விதியையே பாவம் என்றார், ஏனெனில் அங்கே அயலாரின் தேவையே கொள்ளைக்குக் கருவியாகிறது. உங்கள் மேசைக்கு ஒருநாள் பொய்க் கணக்கு எழுதச் சொல்லி உத்தரவு வந்தால், அதை மறுப்பதுதான் அன்றைக்கு உங்கள் அழைப்பு. அனுதினச் சிலுவை அலுவலகத்துக்குள் வருவது இப்படித்தான்.

இந்தப் போதனையால் விளைந்த தீங்கையும் சொல்ல வேண்டும். "அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திரு" என்ற வசனம், கீழே இருப்பவரைக் கீழேயே வைப்பதற்கு வசதியான கருவியாகப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. 1525ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த உழவர் எழுச்சியில் லூத்தர் உழவர்களுக்கு எதிராக எழுதிய சொற்களின் கொடுமையை அவருடைய அன்பர்களாலும் நியாயப்படுத்த இயலவில்லை. ஆனால் பவுல் அந்த வசனத்தை அடுத்தே, அடிமையாய் அழைக்கப்பட்டவன் சுயாதீனனாகக்கூடுமானால் அதை நலமென்று எண்ணிக்கொள்ளட்டும் என்கிறார். பிறப்பைக் காரணம் காட்டி ஒருவர்மேல் சுமத்தப்பட்ட இழிவு கடவுளின் அழைப்பல்ல. அது அயலாருக்கு இழைக்கப்பட்ட பாவம். அதை நீக்கப் பாடுபடுவது குடிமக்களின் அழைப்பு. மடத்தைவிட்டு வெளியேறிய ஒருவரின் போதனையை, எவரும் இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று திரிப்பது விந்தையான காரியம்.

அழைப்பில் உண்மையாயிருக்கிறவர் தவறாதவராகிவிடுவார் என்றும் எண்ண வேண்டாம். 1535இல், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தம் நாவிதர் பேத்தருக்காக லூத்தர் ஒரு சிறு நூல் எழுதினார். நல்ல நாவிதர் கண்ணையும் கருத்தையும் கத்தியின்மேலும் மயிரின்மேலும் வைத்திருக்க வேண்டும், பேச்சில் மூழ்கி மனத்தை அலையவிட்டால் வந்தவருடைய மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார். ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று அவர் தொழிலிலிருந்தே பாடம் எடுத்தார். அதே ஆண்டில் அந்தப் பேத்தர் குடும்ப விருந்தொன்றில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் முதலியோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். நீதிமானும் பாவியும் ஒரே ஆள் என்பதை வகுப்பில் விளக்குகிறவர்கள் இந்தக் கதையையும் சொன்னால் நல்லது.

கடைசியாக, போதக ஊழியத்துக்கான அழைப்பு. ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்களே என்று 1520இல் லூத்தர் எழுதினார். ஆனால் ஆசாரியத்துவம் வேறு, ஊழியப் பொறுப்பு வேறு. முறைப்படி அழைக்கப்படாமல் ஒருவரும் சபையில் வெளியரங்கமாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்பது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் பதினான்காம் பிரிவு. "முறைப்படி" என்றால் சபையின் மூலமாக. உள்ளத்தில் எழுகிற ஏக்கமோ, கனவோ, ஒரு கூட்டத்தில் உண்டான உணர்ச்சியோ மட்டும் அழைப்பாகாது. விசுவாசம் வெளியிலிருந்து காதுக்கு வருவதுபோல, இந்த அழைப்பும் வெளியிலிருந்து, பெயர் சொல்லி, பல சபைகளில் கையெழுத்திட்ட கடிதமாகவே வருகிறது. போதகருக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு: தமக்கு உண்மையிலேயே அழைப்பு இருந்ததா என்று மனம் தளரும் நாளில், அவர் தம் உணர்ச்சியைத் தேட வேண்டியதில்லை, அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கலாம்.

உங்களுக்குள் அப்படி ஓர் ஏக்கம் இருக்கிறதென்பது உங்கள் கேள்வியின் கடைசி வரியில் தெரிகிறது. அதை அடக்கவும் வேண்டாம், அதையே ஆண்டவருடைய குரல் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். சபையார் உங்களைச் சில ஆண்டுகள் பார்க்கட்டும், படிக்க வைக்கட்டும், சோதிக்கட்டும். அவர்கள் உங்களை அழைத்தால் போங்கள். அழைக்காவிட்டால், திங்கட்கிழமை காலையில் அந்தத் தொழிலாளியின் கூடுதல் நேரக் கணக்கு உங்கள் மேசையில்தான் இருக்கும்.